நாவற்பழமும் நாவற்கொட்டையும்: நீரிழிவு நோயாளர் அறிய வேண்டியவை

ஆனி பிறந்துவிட்டால் மந்தைவெளித் தெருக்களில் நாவற்பழத் தள்ளுவண்டிகளைக் காணலாம். மயிலாப்பூர் மாடவீதிகளிலும் ராமகிருஷ்ண மடம் சாலையின் ஓரங்களிலும் கூடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். விநாயகர் சதுர்த்தி வரை இந்த வரவு தொடரும். பிள்ளையாருக்கு விளாம்பழத்தோடு நாவற்பழத்தையும் படைப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்த வாரங்களில் எங்கள் நீரிழிவுப் புறநோயாளர் பிரிவில் ஏதேனும் ஒரு வடிவில் ஒரு கேள்வி நாள்தோறும் எழுகிறது: "டாக்டர், நாவற்பழம் சர்க்கரைக்கு நல்லதாமே? கொட்டையைப் பொடி செய்து சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

இக்கேள்வியை நாங்கள் எளிதாக ஒதுக்குவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்திய பேராய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது என்றும் அவ்வாய்வு தெரிவித்தது. ஏழு பேரில் ஒருவர் என்பது ஏறக்குறைய ஒவ்வொரு கூட்டுக் குடும்பத்திலும் ஒருவர் என்பதற்கு ஒப்பாகும். ஆகவே நாவற்பழத்தில் என்ன இருக்கிறது, அது உடலில் என்ன செய்கிறது, எதுவரை அதை நம்பலாம் என்பனவற்றை நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. இக்கட்டுரை அதற்கான ஒரு பாடம்.

ஒரு நோயாளரின் அனுபவம்

பாடத்தைத் தொடங்குமுன் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல விரும்புகிறோம். சம்பந்தப்பட்டவரின் இசைவைப் பெற்று, பெயரைத் தவிர்த்து எழுதுகிறோம்.

அவர் ஓய்வு பெற்ற ஊழியர். வயது அறுபதைக் கடந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு இரண்டு வகை மாத்திரைகளை உட்கொண்டு வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.4 விழுக்காடாக இருந்தது. அவர் வயதுக்கு அது மனநிறைவு தரும் அளவே. ஒரு நாவற்பழப் பருவத்தில் நண்பர் ஒருவரின் சொல்லைக் கேட்டு, உண்ட பழங்களின் கொட்டைகளைச் சேர்த்து வெயிலில் உலர்த்தி, மிக்ஸியில் அரைத்துப் பொடியாக்கினார். காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டிப் பொடியை மோரில் கலந்து குடித்தார். இரண்டு வாரம் கழித்து மாத்திரைகளை நிறுத்தினார். உடலில் எந்தத் தொல்லையும் தெரியவில்லை. பொடி வேலை செய்கிறது என்றே எண்ணினார்.

ஐந்து மாதங்களுக்குப் பின் அவருடைய மகள் அவரை அழைத்து வந்தார். வலது காலின் சிறுவிரலில் செருப்பு உராய்ந்து ஏற்பட்ட புண் ஆறாமல் கறுத்திருந்தது. எச்பிஏ1சி அளவு 11.2 விழுக்காடு. கிருமித் தொற்று எலும்பு வரை சென்றிருந்தது. அறுவைச் சிகிச்சையில் அந்த விரலை நீக்க வேண்டியதாயிற்று.

"மாத்திரையை நிறுத்தியதை எங்களிடம் சொல்லியிருக்கலாமே, ஐயா?" என்று கேட்டோம். "சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன், டாக்டர்" என்றார் அவர்.

அந்த விடை எங்களைச் சிந்திக்க வைத்தது. நாட்டு மருந்துகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுளிக்கும் வழக்கம் எங்களைப் போன்ற மருத்துவர்களிடம் உண்டு. அதனால் நோயாளர் பேசாமலிருந்துவிடுகிறார். அந்த மௌனத்தில் நோய் வளர்ந்துவிடுகிறது. இந்தப் பிழையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே மேலே தொடர்கிறோம்.

மரமும் பழமும்

நாவல் மரத்தின் அறிவியற் பெயர் சைசீஜியம் குமினி. பழைய நூல்களில் யூஜீனியா ஜம்போலானா என்று வழங்கப்பட்டதும் இதுவே. கிராம்பு, கொய்யா, யூகலிப்டஸ் ஆகியன இதன் உறவினங்கள். அனைத்தும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. என்றும் பசுமையாக நிற்கும் பெருமரம் இது. கோடையின் தொடக்கத்தில் பூத்து, ஆனி, ஆடி மாதங்களில் பழுக்கும். பேச்சுவழக்கில் நாகப்பழம் என்றும் சொல்வர்.

நம் மண்ணுக்கும் இம்மரத்துக்கும் உள்ள உறவு நெடியது. நாட்டின் பழம்பெயர்களுள் ஒன்றே நாவலந்தீவு. திருவானைக்காவின் தலமரம் வெண்ணாவல். ஔவைப் பாட்டிக்கு முருகன் சுட்ட பழமும் சுடாத பழமும் காட்டி அறிவு புகட்டிய கதையும் நாவல் மரத்தடியில் நடந்ததாகவே வழங்குகிறது. இத்தகைய பழத்தின் மீது மக்களுக்கு இயல்பாக நம்பிக்கை இருப்பதில் வியப்பில்லை.

பழத்தின் சதையில் என்ன உள்ளது?

நாவற்பழச் சதை 100 கிராம் எடுத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய 83 கிராம் நீரே. மாவுச்சத்து 14 முதல் 15 கிராம் வரை. அதில் பெரும்பகுதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் எனும் எளிய சர்க்கரைகள். புரதம் 1 கிராமுக்கும் குறைவு. கொழுப்பு மிகச் சொற்பம். ஆற்றல் ஏறத்தாழ 60 கிலோ கலோரி. வைட்டமின் சி 14 முதல் 18 மில்லிகிராம்; பொட்டாசியம் 55 முதல் 80 மில்லிகிராம். பழத்தின் புளிப்புக்கு முதன்மைக் காரணம் மாலிக் அமிலம். ஆப்பிளின் புளிப்புக்கும் அதுவே காரணம்.

இங்கே ஓர் ஒப்பீட்டைக் கவனிக்க வேண்டும். மாம்பழச் சதை 100 கிராமிலும் மாவுச்சத்து ஏறத்தாழ 15 கிராமே. ஆற்றலும் 60 கிலோ கலோரிதான். எடைக்கு எடை பார்த்தால் நாவற்பழம் மாம்பழத்துக்கு ஏறக்குறைய இணையானது. "மாம்பழம் விலக்கு, நாவற்பழம் எவ்வளவும் உண்ணலாம்" என்று நம்பும் நோயாளர்கள் இதைக் கேட்டு வியப்படைகிறார்கள். வேறுபாடு உண்ணும் அளவில்தான் இருக்கிறது. பங்கனப்பள்ளி மாம்பழம் ஒன்றில் 200 கிராம் சதை எளிதாக இருக்கும்; அதை ஒரே அமர்வில் தின்றுவிடுகிறோம். நாவற்பழத்தில் கொட்டை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; துவர்ப்பினால் நாக்கு விரைவில் போதும் என்கிறது. ஆனால் துவர்ப்பு இருப்பதால் சர்க்கரை இல்லை என்று பொருளாகாது.

சிறுநீரக நோயாளர்களுக்கு ஒரு செய்தி. பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்த வேண்டியவர்களுக்கு வாழைப்பழத்தை நாங்கள் விலக்குகிறோம். அதில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் உண்டு. நாவற்பழத்தில் அதன் கால் பங்குகூட இல்லை. ஆகவே அளவோடு உண்ண ஏற்ற பழங்களுள் இதுவும் ஒன்று. எனினும் ஒவ்வொருவரின் சிறுநீரக நிலையும் வேறுபடுவதால் உங்கள் உணவியல் வல்லுநரிடம் அளவைக் கேட்டறிந்த பின்னரே உண்ணுங்கள்.

ஊதா நிறமும் துவர்ப்பும்

நாவற்பழம் தின்ற குழந்தை நாக்கை நீட்டிக் காட்டினால் அது ஊதாவாக இருக்கும். அந்த நிறத்தைத் தருவன ஆந்தோசயனின்கள் எனும் நிறமிகள். டெல்ஃபினிடின், பெட்யூனிடின், மால்விடின் ஆகியவற்றின் சர்க்கரைச் சேர்மங்கள் இப்பழத்தில் மிகுதி. இவை பெரும்பாலும் தோலில் செறிந்துள்ளன. இந்நிறமி அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். வெள்ளைச் சட்டையில் பட்ட நாவற்பழக் கறை சோப்பு பட்டதும் நீலம் பாய்வதும், எலுமிச்சைச் சாறு பட்டதும் சிவப்பதும் இதனால்தான்.

துவர்ப்பைத் தருவன டானின்கள். இவை உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு திரிக்கின்றன. உமிழ்நீரின் வழுவழுப்பு குறைவதால் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடித்தாற்போன்ற உணர்வு உண்டாகிறது. டானின்களின் இதே பற்றும் இயல்பு உணவிலுள்ள இரும்புச்சத்தையும் கட்டிப்போடக்கூடும். இரத்தசோகைக்காக இரும்பு மாத்திரை உட்கொள்வோர் மாத்திரைக்கும் நாவற்பழத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. காப்பி, தேநீருக்கும் இதே விதி பொருந்தும்.

ஆந்தோசயனின்களும் டானின்களும் பாலிஃபீனால்கள் எனும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. சோதனைக் குழாயில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் மிக்கவை. ஆனால் உண்ட ஆந்தோசயனினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தைச் சென்றடைகிறது. எல்லாஜிக் அமிலம் சார்ந்த டானின்கள் முழு உருவில் உறிஞ்சப்படுவது அரிது. பெருங்குடலிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றை உடைத்து யூரோலித்தின்கள் எனும் சிறு பொருள்களாக்குகின்றன. அந்நுண்ணுயிர்கள் எல்லோரிடமும் ஒரே வகையில் இருப்பதில்லை. ஆகவே ஒரே பழத்தை உண்ட இருவரின் உடலில் உண்டாகும் பொருள்கள் வேறு வேறாக இருக்கலாம். குழாயில் கண்டதை அப்படியே உடலுக்குப் பொருத்திப் பார்க்க இயலாமைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொட்டையில் என்ன உள்ளது?

நீரிழிவுக்கு மருந்தாகப் பேசப்படுவது பெரும்பாலும் கொட்டையே. அதில் மாவுப்பொருளும் சிறிதளவு புரதமும் உள்ளன. அவற்றோடு காலிக் அமிலம், எல்லாஜிக் அமிலம், கொரிலாஜின் முதலிய டானின் வகைப் பொருள்களும் குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகளும் உண்டு. மாவு சர்க்கரையாக மாறுவதைத் தடுக்கும் 'ஜம்போலின்' என்ற பொருள் கொட்டையில் இருப்பதாகப் பழைய நூல்கள் கூறின. இன்றைய ஆய்வாளர்களின் கவனம் பெரும்பாலும் டானின்கள் பக்கமே திரும்பியிருக்கிறது.

இவை சர்க்கரையைக் குறைக்கக்கூடிய வழி என்ன? நாம் உண்ணும் சோறும் இட்லியும் குடலில் சிறிது சிறிதாக வெட்டப்பட்டுக் குளுக்கோஸாகின்றன. கடைசி வெட்டைச் செய்வது குடற்சுவரிலுள்ள ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் எனும் நொதி. நாவற்கொட்டைச் சாறு இந்நொதியின் வேகத்தைக் குறைப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டுள்ளது. உணவுக்குமுன் நாங்கள் சிலருக்கு எழுதித் தரும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகள் வேலை செய்வதும் இவ்வழியில்தான். எனவே மக்களின் நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல இயலாது.

ஆய்வுகள் சொல்வது

நாவற்கொட்டைக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு மேலைநாட்டு மருத்துவத்தின் கவனத்தை ஈர்த்தது 1880-களில். இன்சுலின் கண்டறியப்படாத காலம் அது. நாவற்கொட்டையும் பட்டையும் ஐரோப்பிய மருந்தகங்களுக்குச் சென்றன. மருத்துவர்கள் அவற்றை நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். ஆனால் முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துகொண்டுதான் இருந்தார்கள். 1921-இல் டொரண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டு, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்ட பிறகே அந்த நிலை மாறியது. அந்நாளில் நாவற்கொட்டையைக் கொண்டு இயலாதது இன்றும் இயலாது. இன்சுலினை நம்பி வாழும் ஒரு குழந்தைக்கு எந்தக் காய், கனி, பொடியும் அதற்கு ஈடாகாது. இதைப் பெற்றோர் ஒருபோதும் மறக்கலாகாது.

நம் மாநிலத்திலும் ஆய்வுகள் நடந்துள்ளன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவற்கொட்டைச் சாற்றை நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்த முடிவுகள் 1998 முதல் வெளிவந்தன. அதன்பின் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் கொட்டையின் உட்பருப்பையும் மேலோட்டையும் தனித்தனியே சோதித்தனர். எலிகளில் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் பருப்பில்தான் தெரிந்தது, மேலோட்டில் தெரியவில்லை. முழுக் கொட்டையையும் சேர்த்து அரைக்கும் வீட்டுப் பொடியில் எவ்வளவு பருப்பு, எவ்வளவு ஓடு என்று யார் அளந்தார்?

எலி ஆய்வுகளுக்கு ஓர் எல்லை உண்டு. அலாக்சான், ஸ்ட்ரெப்டோசோடோசின் ஆகிய வேதிப்பொருள்களைச் செலுத்தி எலியின் கணையத்தைச் சேதப்படுத்தி அங்கே நீரிழிவை உண்டாக்குகிறார்கள். நம்மிடையே மிகுதியாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினை உடல் ஏற்க மறுப்பதும், கணையம் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தளர்வதும் சேர்ந்துள்ளன. எலியில் வென்றது மனிதரில் வெல்லும் என்பதற்கு உறுதியில்லை.

மனிதரிடம் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு. பிரேசில் நாட்டின் தென்பகுதி மக்கள் நாவல் இலையைத் தேநீராக்கி நீரிழிவுக்குக் குடிப்பது வழக்கம். அங்குள்ள மருத்துவ ஆய்வாளர்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதை முறையாகச் சோதித்தனர். யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது என்ற ஏற்பாட்டில் ஒரு பிரிவினர் நாவல் தேநீரையும் மற்றொரு பிரிவினர் கிளிபென்கிளமைடு மாத்திரையையும் பெற்றனர். மாத்திரை பெற்றோருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது. தேநீர் குடித்தோருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அது இலையைப் பற்றிய ஆய்வு, கொட்டையைப் பற்றியதன்று. கொட்டைப் பொடியைக் கொண்டு நம் நாட்டில் நடந்த சில சிறு ஆய்வுகளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்ததாகக் கண்டுள்ளனர். எனினும் அவை சில மாத ஆய்வுகளே. கண், சிறுநீரகம், கால், இதயம் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் காக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. நீரிழிவுச் சிகிச்சையின் நோக்கமே அந்த உறுப்புகளைக் காப்பதுதான்.

செடியிலிருந்து மாத்திரை வரை

மருத்துவர்கள் செடிகொடிகளை மதிப்பதில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். அவர்களுக்கு நாங்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் ஒரு செடியின் வழிவந்தது. ஐரோப்பாவில் வளரும் கலேகா அஃபிசினாலிஸ் எனும் செடியைப் பழங்கால மருத்துவர்கள் பயன்படுத்தினர். அதில் குவானிடின் வகைப் பொருள்கள் இருப்பதும், அவை சர்க்கரையைக் குறைப்பதும் பின்னர் தெரியவந்தன. ஆனால் செடியாக அது நஞ்சு. மேய்ந்த கால்நடைகள் மாண்டதுண்டு. 1922-இல் மெட்ஃபார்மின் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். 1998-இல் வெளிவந்த பிரித்தானியப் பேராய்வு, உடல் பருத்த நீரிழிவு நோயாளரின் மாரடைப்பையும் இறப்பையும் அது குறைப்பதைக் காட்டியது.

செயலுள்ள பொருளைப் பிரித்தெடுப்பது, நஞ்சை நீக்குவது, அளவை உறுதிசெய்வது, ஆண்டுக்கணக்கில் நோயாளரைக் கண்காணிப்பது என்னும் நெடிய வழியை அச்செடி கடந்து வந்தது. நாவற்கொட்டை அவ்வழியின் தொடக்கத்தில் நிற்கிறது. நாளை அதிலிருந்தும் ஒரு மருந்து வரலாம். வந்தால் அதை எழுதித் தருவதில் எங்களுக்குத் தயக்கம் இராது. வராத மருந்தை நம்பி வந்த மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

உடம்பு சொல்லாத செய்தி

மேலே சொன்ன நோயாளர் ஐந்து மாதம் எந்தத் தொல்லையும் உணரவில்லை என்பதை நினைவுகூருங்கள். இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் சர்க்கரை இறங்கத் தொடங்கும். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் அதன் பின்னரே தெரியவரும். மெல்ல ஏறும் சர்க்கரைக்கு உடல் பழகிவிடுவதால் 250 இருந்தும் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்போர் பலர். பாத நரம்புகள் முன்பே மரத்திருந்தால் புண்கூட வலிக்காது. ஆகவே ஒரு பொடி வேலை செய்கிறதா என்பதை உடம்பின் உணர்வைக் கொண்டு அறிய முடியாது. இரத்தப் பரிசோதனை ஒன்றே அதைச் சொல்லும்.

நாவற்பழத்தை எப்படி உண்ணலாம்?

நீரிழிவு உள்ளவர்களும் நாவற்பழம் உண்ணலாம். ஒரு வேளைக்குக் கொட்டை நீக்கிய சதை 100 கிராம் அளவாக இருக்கட்டும். நடுத்தரப் பழங்களில் ஏறத்தாழ ஒரு கைப்பிடி. உணவு முடிந்த உடனே உண்ணாமல், இரண்டு உணவுகளுக்கு இடையே சிற்றுண்டியாக உண்ணுங்கள். அன்று வேறு பழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்த நாவற்பழச் சாறும் பாகும் இக்கணக்கில் சேரா. அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

வண்டிக்காரர் பழத்தில் உப்பிட்டுக் குலுக்கித் தருவார்; துவர்ப்பு தணிந்து சுவை கூடும். இரத்த அழுத்தமோ இதயத் தளர்ச்சியோ உள்ளவர்கள் உப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை.

நாவற்பழம் மரத்திலிருந்து தரையில் விழுந்து நசுங்குவது, தோலும் மெல்லியது. வீட்டுக்கு வந்ததும் ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். வெடித்த பழங்களை நீக்குங்கள். சிறு குழந்தைகளுக்குக் கொட்டையை எடுத்துவிட்டே கொடுங்கள், தொண்டையில் சிக்கிவிடும்.

கொட்டைப் பொடியை உட்கொள்பவர்களுக்கு

நீங்கள் இப்பொடியை ஏற்கெனவே உட்கொண்டு வருபவரானால், முதற்கண் எங்களிடம் சொல்லுங்கள். இனி எங்கள் பிரிவில் ஒவ்வொரு வருகையின்போதும் "வேறு ஏதேனும் பொடி, கஷாயம், லேகியம் சாப்பிடுகிறீர்களா?" என்று நாங்களே கேட்பதாக உறுதி கொண்டுள்ளோம். சொன்னதற்காக யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

மாத்திரையையோ இன்சுலினையோ நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டா. மாத்திரையோடு சேர்த்துப் பொடியையும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியன தோன்றினால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். மயங்கிய நிலையில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பெயரும் தயாரிப்பு விவரமும் இல்லாத பொட்டலப் பொடிகளை வாங்காதீர்கள். மூலிகை என்று விற்கப்பட்ட நீரிழிவுப் பொடிகளில் கிளிபென்கிளமைடு முதலிய ஆங்கில மருந்துகள் மறைவாகக் கலந்திருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அத்தகைய பொடி வியக்கத்தக்க வேகத்தில் வேலை செய்வதாகத் தோன்றும். அந்த வேகமே ஐயத்துக்குரியது. சித்த மருத்துவம் மேற்கொள்ள விரும்புவோர் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அரசின் அறிஞர் அண்ணா இந்திய மருத்துவ மருத்துவமனையும் உள்ளன. அங்கே தரும் மருந்துச் சீட்டை எங்களிடமும், எங்கள் சீட்டை அங்கேயும் காட்டுங்கள்.

கருவுற்ற தாய்மாரும், சிறுநீரகம் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்களும் கொட்டைப் பொடியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே இத்தகைய பொடிகளை நிறுத்திவிட்டு, மயக்க மருந்து நிபுணரிடமும் தெரிவியுங்கள்.

குடும்பத்தினருக்கு

வீட்டில் முதியவர் ஒருவர் மாத்திரையை நிறுத்தியதை முதலில் கண்டுகொள்ளக் கூடியவர்கள் நீங்களே. மாத்திரை அட்டைகள் காலியாகாமல் இருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். நாள்தோறும் இரவில் அவர்தம் பாதங்களை, விரலிடுக்குகள் உட்பட, நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். அவர் எதையேனும் தாமாக உட்கொள்வது தெரிந்தால் கண்டிப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். மாத்திரையின் விலை, வயிற்றுக் கோளாறு, "வாழ்நாள் முழுவதும் மருந்தா?" என்ற சலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் வழி உண்டு. மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், விலை குறைந்த மாற்று மருந்தைத் தேரலாம்.

விரலை இழந்த அந்தப் பெரியவர் இப்போது நலமாக இருக்கிறார். புண் ஆறிவிட்டது, மாத்திரைகளோடு சிறிது இன்சுலினும் செலுத்திக்கொள்கிறார். இவ்வாண்டுப் பரிசோதனைக்கு வந்தபோது, "டாக்டர், நாவற்பழம் வந்துவிட்டது, சாப்பிடலாமா?" என்று கேட்டார். "ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள், ஐயா. கொட்டையை மட்டும் தோட்டத்தில் போட்டுவிடுங்கள்" என்றோம். சிரித்துக்கொண்டே சென்றார்.